பஸ் பயணி காயமடைந்தால்: நட்டஈடு கோரும் வழி

2021 மார்ச் மாதத்தில் தலைமன்னாரில், புகையிரதக் கடவையில், தனியார் பஸ் வண்டி ஒன்றும் புகையிரதமும் மோதிக்கொண்டன. பாடசாலை மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 1990-ல் யுத்தத்தினால் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச் 14-ம் திகதிதான் மீண்டும் ஓடத் தொடங்கியது. கால் நூற்றாண்டு காலம் புகையிரதமே இல்லாமல் வாழ்ந்த தீவு இது. அதன் ஓசை கேளாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இவ்வாறான விபத்து நடந்தவுடன், பிழை யாருடையது என்ற வாக்குவாதம் எழும். பஸ் சாரதி பார்த்து வந்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். கடவையில் போதிய பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இந்த வாக்குவாதம் சாரதிக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கும் முக்கியமானதுதான். ஆனால் காசு கொடுத்து ஏறி, ஆசனத்தில் அமர்ந்திருந்த பயணிக்கு அது அவ்வளவு முக்கியமன்று. பிழை எந்தப் பக்கத்தில் இருந்தாலும், அது அவருடைய பக்கத்தில் இல்லை. வீதி விபத்தில் சிக்கும் எல்லோரிலும், சட்டத்தின் முன் மிகப் பலமான இடத்தில் நிற்பவர் பயணியே.

அப்படியிருந்தும் எமது மக்களில் நட்டஈடு பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். சட்டம் இல்லாதது இதற்குக் காரணமன்று. முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய கடுதாசிகளை எடுக்காமல் விடுகின்றோம். வைக்கக் கூடாத இடத்தில் கையொப்பம் வைக்கின்றோம். பிறகு நாட்களை ஓடவிடுகின்றோம். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இப்பாடத்தை வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவது நல்லது.

யாரிடம் கேட்பது?

எமது நாட்டில் இவ்விடயத்தை ஆளுவது ரோமன் டச்சுச் சட்டம். கவனக்குறைவினால் ஒருவர் மற்றவருக்குத் தீங்கு விளைவித்தால், அத்தீங்கினால் வந்த நட்டத்தை அவர் ஈடுசெய்ய வேண்டும். சாரதி ஒருவரிடம் வேலை செய்பவராயின், அந்த வேலையின்போது அவர் விட்ட பிழைக்கு வண்டியின் உரிமையாளரும் பொறுப்பாவார். எனவே சாரதி ஏழை, அவரிடம் என்ன இருக்கின்றது என்று மனந்தளர வேண்டாம்.

இரண்டு வாகனங்கள் மோதினால் பயணி அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை. இரு தரப்பையும் ஒரே வழக்கில் சேர்க்கலாம். யாருக்கு எத்தனை பங்கு பிழை என்பதை நீதிமன்றம் பிரித்துக்கொள்ளும். இதற்கென்றே 1968-ம் ஆண்டின் 12-ம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. அதே சட்டம் இன்னொன்றையும் கூறுகின்றது: காயப்பட்டவரிடமும் பிழை இருந்தால், அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனவர், ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தவர் ஆகியோருக்கு இது பொருந்தலாம். குறையும் என்றுதான் சட்டம் சொல்கின்றது, முற்றாக இல்லாமற் போகும் என்று சொல்லவில்லை. “நீ தொங்கிக்கொண்டு வந்தாய், உனக்கு ஒன்றும் கிடையாது” என்று எவராவது சொன்னால் அதை நம்பிவிட வேண்டாம்.

மோதியது அரசாங்க வாகனமானால் என்ன செய்வது? மன்னாரின் வீதிகளில் இராணுவ, கடற்படை வாகனங்களும் ஓடுகின்றன. புகையிரதமும் அரசின் சொத்தே. 1969-ம் ஆண்டின் 22-ம் இலக்கச் சட்டத்தின்படி அரசுக்கு எதிராகவும் நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியும். அரசின் சார்பில் சட்டமா அதிபரே பிரதிவாதியாக நிறுத்தப்படுவார். ஆனால் வழக்கிடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் தொடுத்த வழக்கு வாசற்படியிலேயே விழுந்துவிடும்.

காப்புறுதி நிறுவனத்தின் பங்கு

1951-ம் ஆண்டின் 14-ம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, காப்புறுதியின்றி எந்த மோட்டார் வாகனமும் வீதியில் ஓடக் கூடாது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்று நாம் சொல்வது இதையே. வாகனத்தால் மற்றவர்களுக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் உரிமையாளர் கொடுக்க வேண்டிய நட்டஈட்டை, அவருக்காகக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் பஸ் வண்டியின் பயணிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அயலவரின் காரிலோ வானிலோ காசு கொடுக்காமல் உதவிக்காக ஏறிச் சென்றவரை இந்தக் கட்டாயக் காப்புறுதி தானாக உள்ளடக்காது. வாகன உரிமையாளர் தமது பொலிசியில் பயணிகளுக்கான பாதுகாப்பையும் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டாலும் உரிமையாளரின் பொறுப்பு நீங்காது. காப்புறுதி நிறுவனத்தின் பணம் பின்னால் நிற்காது என்பதே நிலைமை. ஆனால் அந்த வானை ஒரு லொறி வந்து மோதியது, பிழை லொறியுடையது என்றால், லொறியின் காப்புறுதிக்கு நீங்கள் மூன்றாந் தரப்பினர். ஆகவே மோதிய இரண்டு வாகனங்களின் இலக்கங்களும் கட்டாயம் தேவை.

அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியிலும் லொறியிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. கூலி வேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்டவர் காயமடைந்தால், அவருக்கு வேறொரு கதவும் திறந்திருக்கின்றது. அது 1934-ம் ஆண்டின் 19-ம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலை கொடுத்தவர்மீது அதன்கீழ் உரிமை கோரலாம். தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

மோதிவிட்டு ஓடிப்போன வாகனம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். 1998-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் உருவான சபை இது. அதற்கும் பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் வேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் சில, “இங்கே கிளைம் கோர்ட் எங்கே இருக்கின்றது?” என்று கேட்பதுண்டு. இந்தியாவில் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் விபத்து நட்டஈட்டுக்கென்றே தனியான தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. எமது நாட்டில் அவ்வாறான தீர்ப்பாயம் இல்லை. இங்கே உரிமையாளரோடும் காப்புறுதி நிறுவனத்தோடும் பேசி ஓர் இணக்கத்துக்கு வரவேண்டும். அல்லது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த வழக்கும் முதலில் உரிமையாளர்மீதும் சாரதிமீதுமே தொடுக்கப்படும். தீர்ப்புக் கிடைத்தபின் அத்தொகையைக் கொடுக்கும் கடமை காப்புறுதி நிறுவனத்துக்கு உண்டு. ஆயினும் ஒரு நிபந்தனை இருக்கின்றது. வழக்குப் பதிவாகும் முன்னரோ, பதிவாகி ஏழு நாட்களுக்குள்ளோ, வழக்குப் பற்றிய அறிவித்தல் அந்நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணி இதைச் செய்வார். செய்துவிட்டாரா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

முதல் வாரம்

விபத்து நடந்த இடத்தில் உயிரைக் காப்பதே முதல் வேலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018-ம் ஆண்டு முதல் வடக்கிலும் இச்சேவை உண்டு. (1990 என்றால் எமது மக்களுக்கு வேறொரு நினைவு வரும். அந்த ஆண்டில்தான் எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு இந்த மாவட்டத்தை விட்டுப் போயின. அதனாலேயே இந்த இலக்கம் மறக்காது.)

காயம் சிறிது என்று தோன்றினாலும் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தலையில் அடிபட்டவர் அன்று நன்றாக நடந்து திரிவார், மூன்றாம் நாள் வாந்தி எடுப்பார். அன்றே வைத்தியசாலையில் பதிவு இருந்தால்தான், பின்னால் வரும் வருத்தத்தையும் விபத்தையும் இணைக்க முடியும். எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு, இரண்டு கிழமை கழித்து வைத்தியசாலைக்குப் போனால், “இது விபத்தில் வந்ததென்று எப்படித் தெரியும்?” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

எப்படிக் காயப்பட்டீர்கள் என்று வைத்தியர் கேட்கும்போது, விபத்து நடந்த இடத்தையும் இன்ன பஸ்ஸில் பயணியாக இருந்ததையும் தெளிவாகச் சொல்லுங்கள். அது எழுதப்படும். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணிலும் பதிவு செய்யுங்கள். சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதிப்பதற்குப் பொலிஸார் ஒரு படிவம் கொடுப்பார்கள். அப்பரிசோதனை நடக்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டாம். துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி, வெளியில் வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். விடுதி இலக்கத்தையும் அனுமதித்த திகதியையும் உறையின் மேல் எழுதுங்கள். அட்டை தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு வைத்தியசாலைப் பதிவேட்டைத் தேட முடியும். எமது வீடுகளில் மழையும் கறையானும் கடுதாசிகளுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உறைக்குமேல் ஒரு பொலித்தீன் பை அவசியம்.

பொலிஸ் முறைப்பாடு, விபத்து நடந்த பகுதிக்குரிய பொலிஸ் நிலையத்தில் செய்யப்பட வேண்டும். காயப்பட்டவரால் போக முடியாவிட்டால், பொலிஸாரே விடுதிக்கு வந்து வாக்குமூலம் எடுப்பார்கள். வராவிட்டால் குடும்பத்தவர் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மெதவாச்சிக்கு அப்பால் விபத்து நடந்தாலும், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுதக்கூடியவர் அங்கு இல்லையென்றால், எழுதியதை ஒருவர் தமிழில் வாசித்து விளக்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கட்டணம் செலுத்தி, உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் பொலிசி இலக்கமும் பொலிஸாரிடம் இருக்கும். அவற்றையும் கேட்டு எழுதுங்கள்.

வண்டியை ஓடவிடுபவர் ஒருவர், பதிவிலுள்ள உரிமையாளர் இன்னொருவர் என்ற நிலையும் எமது பகுதியில் சாதாரணம். கைமாறிய வாகனங்கள் பெயர் மாற்றாமலே வருடக்கணக்காக ஓடுகின்றன. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரத்தைப் பெற்றுக்கொண்டால், தவறான ஆளுக்குக் கடிதம் போகாது.

பஸ் டிக்கெட் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். நீங்கள் பயணி என்பதற்கு அது நல்ல சான்று. டிக்கெட் தராத பஸ்ஸாயின், பக்கத்து ஆசனத்தில் இருந்தவர்கள் இருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.

வைத்தியசாலைக் கட்டிலில் ஒரு கையொப்பம்

ஒரு தாயார் சொன்னதை இங்கே தருகின்றேன். அவருடைய கணவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது.

“சுவாமி, அந்த முதலாளி நல்ல மனுசன். வார்ட்டுக்கு வந்து பாத்தவர். தோடம்பழமும் பத்தாயிரம் ரூபாவும் தந்தவர்.”

“ஏதாவது எழுதி வாங்கினவரா அம்மா?”

“ஒரு கடுதாசியில இவரிட்டக் கையெழுத்து வாங்கினவர். காசு தந்ததுக்கு எண்டு சொன்னவர்.”

“கடுதாசியில என்ன எழுதியிருந்தது?”

“அது சிங்களத்தில சுவாமி.”

முதலாளி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் “இந்த விபத்து சம்பந்தமான எல்லாக் கோரிக்கைகளும் இத்தொகையோடு முழுமையாகத் தீர்ந்தன” என்ற ஒரு வரி அதில் இருந்தால், பத்தாயிரம் ரூபாவோடு அந்தக் காலின் கணக்கு முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடும். உதவியாகத் தரும் பணத்தை வாங்குவதில் பிழையில்லை. பற்றுச்சீட்டைத் தமிழில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: “மருத்துவச் செலவுக்காக முற்பணமாக இவ்வளவு ரூபா பெற்றேன். எனது நட்டஈட்டு உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.” இதற்கு ஒப்பமிட மறுப்பவர் எவரும் இல்லை; ஆனால் இதை வாங்க மறுப்பவர் இருப்பார். மறுத்தால் அவருடைய நோக்கம் உங்களுக்கு விளங்கும்.

ஏற்கெனவே விளங்காமல் ஒப்பமிட்டவர்கள் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். எந்த நிலையில், எந்த மொழியில், யார் முன்னிலையில் ஒப்பமிட்டீர்கள் என்பதைச் சட்டத்தரணியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வெற்றுத்தாளிலும், தரகர்கள் நீட்டும் பத்திரங்களிலும் ஒருபோதும் ஒப்பமிட வேண்டாம். வைத்தியசாலை வாசலில் நின்று “நான் கிளைம் எடுத்துத் தருகின்றேன்” என்று சொல்பவர் சட்டத்தரணி அல்லர்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியவுடன், “வழக்கு முடிந்துவிட்டது, எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை” என்று வீட்டுக்குப் போய்விடுபவர்களும் உண்டு. தண்டப்பணம் அரசுக்குப் போவது. அது வேறு, உங்கள் நட்டஈடு வேறு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டது உங்கள் வழக்குக்குப் பெருந்துணை. அந்த வழக்கின் இலக்கத்தை எழுதி வையுங்கள். 1979-ம் ஆண்டின் 15-ம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17-ம் பிரிவின்படி, குற்றவாளி காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதவானும் கட்டளையிடலாம். அதற்கு நீங்கள் நீதிமன்றத்துக்குச் சமுகமளிக்க வேண்டும். ஆனாலும் அத்தொகை பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

சம்பளச் சீட்டு இல்லாதவரின் கணக்கு

அரசாங்க உத்தியோகத்தர் காயமடைந்தால் அவருடைய நட்டத்தைச் சம்பளச் சீட்டு காட்டும். விவசாயி என்ன காட்டுவார்? எமது மக்களின் கோரிக்கைகள் மெலிந்து போகும் இடம் இதுதான் என்று நான் நினைக்கின்றேன். “மாதம் எவ்வளவு உழைப்பீர்கள்?” என்று கேட்டால், “ஏதோ சீவியம் போகுது” என்று சொல்லிவிடுகின்றோம். நீதிமன்றத்தில் அந்தப் பதிலுக்கு ஒரு சதமும் கிடைக்காது.

முருங்கன் பக்கத்தில், கட்டுக்கரைக் குளத்து நீரில், இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலபோகம் விதைத்தாயிற்று. கார்த்திகை மாதத்தில் பஸ் விபத்தில் கால் முறிகின்றது. நான்கு மாதம் அவர் வயலில் இறங்க முடியாது. களை பிடுங்கவும், உரம் போடவும், வரம்பு கட்டவும், காவல் இருக்கவும் கூலியாள் பிடிக்க வேண்டும். விளக்கத்துக்காக, 40 நாள் கூலி, நாளொன்றுக்கு 2,500 ரூபா என்று வைத்துக்கொண்டால் 1,00,000 ரூபா. கிளினிக்குக்கு 8 தடவை முச்சக்கர வண்டி, தடவைக்கு 3,000 ரூபா என்றால் 24,000 ரூபா. வைத்தியசாலை இலவசந்தானே, செலவு என்ன என்று கேட்பவருக்கு இந்த இரண்டு வரிகளே பதில். இவற்றோடு, தன் வயல் வேலை போக அவர் வெளியில் உழைத்திருக்கக்கூடிய கூலி இருக்கின்றது. அவரைப் பார்ப்பதற்காக மனைவி இழந்த வேலை நாட்களும் உண்டு. முழங்கால் மடியாமற் போய், இனி நெல் மூடை தூக்க முடியாதென்றால், வரப்போகும் வருடங்களின் இழப்பும் உண்டு. வலிக்கும் துன்பத்துக்கும் நீதிமன்றம் தனியாக ஒரு தொகை மதிப்பிடும். நிரந்தர ஊனம் எத்தனை வீதம் என்று வைத்தியரிடம் எழுத்தில் பெறுவது மிக முக்கியம்.

இதையெல்லாம் நிரூபிக்க, கமநல சேவை நிலையப் பதிவு, உர மானியப் பதிவு, குத்தகை எழுத்து, கமக்காரர் அமைப்பின் கடிதம், நெல் விற்ற பற்றுச்சீட்டு ஆகியவை உதவும். கூலியாட்களுக்குக் காசு கொடுக்கும்போதெல்லாம் ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி, அவர்களின் ஒப்பத்தை வாங்குங்கள். அந்தந்த நாளில் எழுதிய சாதாரணக் கொப்பிக்கு, பிறகு நினைத்து எழுதிய அழகான பட்டியலைவிட மதிப்பு அதிகம். இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல், இருக்கும் இடத்தில் கூலி வேலை செய்பவர்கள், வேலை கொடுக்கும் இரண்டு மூன்று பேரிடம் கடிதம் வாங்கலாம். கடலுக்கும் போகின்றவர் கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத்தையும் சேர்க்கலாம். காயமடைந்தவர் பெண்ணாயின், “அவ வீட்டிலதானே இருக்கிறா” என்று ஆண்கள் எழுதிக் கொடுக்கின்றார்கள். தோட்டம் கொத்துபவர் யார், ஆடு கோழி பார்ப்பவர் யார், நாற்று நடப் போகின்றவர் யார்? அதையெல்லாம் எழுதுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகள் காயமடைந்தால், 2017-ல் தொடங்கிய சுரக்ஷா மாணவர் காப்புறுதியின்கீழ் ஏதும் பெறமுடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். அது வாகனக் காப்புறுதியிலிருந்து வேறானது. பிள்ளைக்காக வழக்கிடும்போது, பெற்றோர் நீதிமன்றத்தின் அனுமதியின்றி இணக்கத்துக்கு வரமுடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

உயிரிழப்பு நேர்ந்த குடும்பங்களுக்கு ஒரு செய்தி. மரணித்தவரின் உழைப்பில் வாழ்ந்தவர்கள் அந்த ஆதரவை இழந்ததற்கு நட்டஈடு கோர முன்னரும் முடிந்தது. ஆனால் உழைக்காத சிறு பிள்ளை மரணித்தால், பெற்றோரின் பாச இழப்புக்கு நட்டஈடு இல்லை என்று, வைத்தியக் கவனக்குறைவு வழக்கொன்றில் 2001-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2019-ம் ஆண்டின் 2-ம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் இப்போது நெருங்கிய உறவினர் நட்டஈடு கோரலாம்.

இரண்டு வருடம்

1871-ம் ஆண்டின் 22-ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இவ்வகை வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும், எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால் வழக்கு விழுந்துவிடும். காப்புறுதி நிறுவனம் “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று எத்தனை கடிதம் அனுப்பினாலும் இந்த நாட்கள் நின்று காத்திருப்பதில்லை. அரசுக்கு எதிரான வழக்கில் ஒரு மாத அறிவித்தலையும் இதற்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சிறு தொகைக் கோரிக்கைகளை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்ல வேண்டியும் வரலாம். ஆகவே ஒரு வருடம் முடிவதற்குள் சட்டத்தரணியைக் காண்பதே புத்தி.

யுத்தத்தினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு 2016-ல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. அது காணி உரிமை பற்றியது. இடம்பெயர்ந்தவர் என்பதற்காக விபத்து வழக்குக்கு மேலதிக காலம் கிடைக்காது.

முகவரியும் கவனிக்க வேண்டிய விடயமே. அடையாள அட்டையில் ஒரு முகவரி, இருப்பது வேறிடம், நாளை இன்னோரிடம் என்று வாழ்பவர்களின் கடிதங்கள் அலைந்து திரும்பிப் போகின்றன. விளக்கத் திகதி தெரியாமல் நீதிமன்றம் போகாவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம். சொந்த ஊர் முகவரியையும் தற்போதைய முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். இடம் மாறினால் அந்த வாரமே சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். வழக்கு, விபத்து நடந்த இடத்துக்குரிய நீதிமன்றத்திலோ எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலோ நடக்கும். புத்தளத்தில் வசிப்பவர் மன்னாரில் காயமடைந்தால், தான் வசிக்கின்றார் என்ற காரணத்துக்காக மட்டும் புத்தளத்தில் வழக்கிட முடியாது.

மாதிரிக் கடிதம்

கீழுள்ளதை வாகன உரிமையாளருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

“ஐயா, ........ம் திகதி ........ மணியளவில் ........ என்னுமிடத்தில் நடந்த விபத்தில், ........ இலக்கப் பஸ் வண்டியில் பயணியாக இருந்த நான் காயமடைந்தேன். இது தொடர்பான முறைப்பாடு ........ பொலிஸ் நிலையத்தில் ........ இலக்கத்தில் பதிவாகியுள்ளது. ........ வைத்தியசாலையில் ........ நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றேன். இவ்விபத்து வாகனச் சாரதியின் கவனக்குறைவினால் ஏற்பட்டது. இதனால் எனக்கு ஏற்பட்ட செலவு, வருமான இழப்பு, வலி, துன்பம் ஆகியவற்றுக்கு நட்டஈடு கோருகின்றேன். விபரமும் பிரதிகளும் இத்துடன் உள்ளன. சிகிச்சை தொடர்வதால் மேலதிகமாகக் கோரும் உரிமையை நான் வைத்துக்கொள்கின்றேன். 14 நாட்களுக்குள் பதில் தருமாறு வேண்டுகின்றேன். தவறின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.”

மூலப் பத்திரம் எதையும் அனுப்ப வேண்டாம், பிரதிகளை மட்டும் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் தரும் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி அதே உறையில் வையுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் ஒரு தொகையைச் சொல்லி ஒப்பம் கேட்டிருந்தாலோ, உறையை அப்படியே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு, 1978-ம் ஆண்டின் 27-ம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. மன்னாரிலும் அதன் நிலையம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவி வழங்குவார்கள். ஆகையால் போகும்போது கிராம அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டு செல்லுங்கள். காயமடைந்தவர் நடக்க முடியாதிருந்தால், முதல் நாள் விபரமறிந்த ஒருவர் உறையோடு போய்ப் பேசி, அவரை எப்போது அழைத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.